டிவிடித் துண்டு, டியூப்லைட், மஞ்சள்தூள்: வீட்டிலேயே நிறமாலை பார்க்கலாம்

ஒரு பொருளுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள அதை உடைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அதன்மேல் ஒளியைச் செலுத்தி மூன்று கேள்விகள் கேட்டால் போதும். எந்த ஒளி காணாமல் போனது? எந்த ஒளி திரும்பி வந்தது? நேரம் போகப் போக அது எப்படி மாறியது? லட்சக்கணக்கில் விலையுள்ள ஆய்வகக் கருவிகளும் கேட்பது இவற்றைத்தான். அதையே ஒரு டிவிடித் துண்டை வைத்துக் கேட்பது எப்படி என்று இங்கே பார்ப்போம். பள்ளி இறுதி வகுப்பு மாணவர் யாரும் ஒரு விடுமுறை நாளில் செய்துவிடலாம்.

முதலில் கருவி

தேவையானவை: எதுவும் பதியாத ஒரு டிவிடி, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் நீளமுள்ள அட்டைப்பெட்டி, ஷேவிங் ப்ளேடு இரண்டு, கறுப்புத் தாள், கறுப்பு இன்சுலேஷன் டேப், கேமரா உள்ள கைபேசி.

டிவிடி என்பது ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். வெளி விளிம்பை ஒட்டிக் கத்தரிக்கோலால் ஒரு சிறு துண்டு வெட்டி, ஓரத்தில் ப்ளேடு முனையைக் கொடுத்தால் இரண்டாகப் பிரிந்துவிடும். வெள்ளிப் பூச்சு இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும் பாதிதான் நமக்கு வேண்டும். அதில் ஊதா சாயம் ஒட்டியிருந்தால் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். விரல்ரேகை படாமல் ஓரத்தைப் பிடித்துக் கையாளுங்கள்.

அந்தத் துண்டுதான் நம் கீற்றணி, அதாவது நெருக்கமான வரிகளால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் தகடு. டிவிடியின் தடங்களுக்கு இடையே உள்ள தூரம் 740 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஏறக்குறைய 1350 வரிகள். சிடியில் அந்த இடைவெளி 1600 நானோமீட்டர். அதனால்தான் சிடியைவிட டிவிடி நிறங்களை அதிகமாக விரித்துக் காட்டுகிறது.

பெட்டியின் ஒரு முனையில் சிறு சன்னல் வெட்டி, இரண்டு ப்ளேடுகளின் கூர்முனைகளும் எதிரெதிரே வரும்படி ஒட்டுங்கள். நடுவில் மெல்லிய பிளவு மட்டும் இருக்க வேண்டும். ஒரு தாளை இடையில் வைத்து ஒட்டிவிட்டுப் பிறகு உருவினால் சரியான அளவு கிடைக்கும். பெட்டியின் மறுமுனையை 45 டிகிரி சாய்வாக வெட்டி, அங்கே கேமராவுக்கு மட்டும் ஒரு துளை விடுங்கள். டிவிடித் துண்டைக் கேமரா லென்ஸின்மேல் தட்டையாக ஒட்டி, கைபேசியை அந்தச் சாய்வின்மேல் வைத்துக் கட்டுங்கள். துண்டில் உள்ள வரிகள் பிளவுக்கு இணையாக இருக்க வேண்டும். இது முக்கியம், கோணலாக இருந்தால் நிறமாலையும் சாய்ந்து மங்கிவிடும்.

45 டிகிரி ஏன் என்றால், அந்தக் கோணத்தில் உள்ளே வரும் ஒளியில் ஏறக்குறைய 523 நானோமீட்டர் பச்சை கேமராவின் நேர் நடுவே விழும். ஊதா ஒரு பக்கமும் சிவப்பு மறுபக்கமுமாக முழு நிறமாலையும் ஒரே படத்துக்குள் அடங்கும். உள்பக்கம் முழுவதும் கறுப்புத் தாள் ஒட்டி, இடுக்குகளை டேப்பால் அடைத்துவிட்டால் கருவி தயார்.

இந்தக் கருவியை எப்போதும் சூரியனை நோக்கி நேராகப் பிடிக்காதீர்கள். வானத்தின் ஒளி போதும்.

டியூப்லைட்டை வைத்து அளவுகோல் குறித்தல்

படத்தில் கிடைப்பது பிக்சல் எண். நமக்கு வேண்டியது அலைநீளம். இரண்டையும் இணைக்கத் தெரிந்த கோடுகள் தேவை. பழைய டியூப்லைட்டும் சிஎஃப்எல் பல்பும் இதற்கென்றே செய்தவை மாதிரி உதவும். இரண்டிலும் பாதரச ஆவி இருக்கிறது. பாதரசம் 436 நானோமீட்டரில் ஒரு நீலக் கோடும் 546-இல் ஒரு பச்சைக் கோடும் தரும். அந்தக் கோடுகள் எந்த ஊர் பல்பிலும் இடம் மாறாது. எல்இடி டியூபில் பாதரசம் கிடையாது. அது இந்த வேலைக்கு ஆகாது.

ஒரு எடுத்துக்காட்டு. நீலக் கோடு 412-ஆம் பிக்சலிலும் பச்சைக் கோடு 742-இலும் விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 110 நானோமீட்டருக்கு 330 பிக்சல். அதாவது நானோமீட்டருக்கு 3 பிக்சல். இனி எந்தக் கோட்டின் அலைநீளத்தையும் கணக்கிடலாம். கணக்கு சரியா என்று பார்க்க சிஎஃப்எல்லின் பளிச்சென்ற செம்மஞ்சள் கோட்டைப் பாருங்கள். அது யூரோப்பியம் என்ற தனிமம் தருவது, 611 நானோமீட்டர். நம் கணக்குப்படி 937-ஆம் பிக்சலுக்கு அருகில் வர வேண்டும். சில நானோமீட்டர் பிசகினால் கவலை இல்லை. இருபது முப்பது பிசகினால் கைபேசி அசைந்திருக்கிறது என்று பொருள். மறுபடி இறுக்கிக் கட்டுங்கள்.

பிளவு எவ்வளவு மெல்லியது என்பதையும் இதே பல்பில் சோதிக்கலாம். சிஎஃப்எல்லில் 546-ஐ ஒட்டி 543 வாக்கில் டெர்பியம் என்ற தனிமத்தின் பச்சை ஒன்றும் உண்டு. இரண்டும் பிரிந்து தெரிந்தால் உங்கள் கைவேலை அபாரம்.

பல்பு உடைந்தால் பாதரசம் வெளியேறும். கவனமாகக் கையாளுங்கள்.

உங்கள் வீட்டு நானோபொருள்

குவாண்டம் புள்ளி என்னும் நானோபடிகங்கள் உள்ள க்யூஎல்இடி டிவி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் நானோபொருளைத் தேடி எங்கும் போக வேண்டாம். திரையில் வெறும் வெள்ளைப் படத்தைப் போட்டு, பிளவைத் திரைக்கு அருகில் வைத்துப் படமெடுங்கள். பிறகு சாதாரண வெள்ளை எல்இடி பல்பையும் எடுங்கள். பல்பில் 450 அருகே ஒரு நீல மேடும் (வெளிச்சம் கூடிய பகுதி), அதையடுத்துப் பச்சையில் தொடங்கிச் சிவப்பு வரை பரந்து கிடக்கும் பெரிய மேடும் தெரியும். குவாண்டம் புள்ளி டிவியில் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்று குறுகிய மேடுகள் தனித்தனியே நிற்கும்.

அந்தப் பச்சையும் சிவப்பும் சில நானோமீட்டர் அளவே உள்ள படிகங்களிலிருந்து வருகின்றன. காட்மியம் இல்லாத டிவிகளில் அது பெரும்பாலும் இண்டியம் பாஸ்பைடு. ஆற்றலைக் கணக்கிட ஒரே ஒரு வாய்பாடு போதும்: 1240-ஐ நானோமீட்டரால் வகுத்தால் எலக்ட்ரான் வோல்ட். 530 நானோமீட்டர் பச்சைக்கு 2.34 வருகிறது, 630 சிவப்புக்கு 1.97. ஆனால் பெரிய கட்டியாக இருக்கும் இண்டியம் பாஸ்பைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதன் எலக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், 1.35 எலக்ட்ரான் வோல்ட்தான். அதன்படி வர வேண்டியது கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்பு! அதே பொருளைச் சில நானோமீட்டருக்குச் சுருக்கியதும் எலக்ட்ரானுக்கு நடமாட இடம் குறைகிறது; தந்தியைச் சுருக்கிப் பிடித்தால் சுருதி ஏறுவது போல ஆற்றல் ஏறிவிடுகிறது. வேதிப்பொருள் மாறவில்லை, அளவு மட்டுமே மாறியது, நிறம் மாறிவிட்டது. இதைக் கண்டறிந்து செய்து காட்டியதற்காகத்தான் 2023-இல் எகிமோவ், புரூஸ், பவெண்டி ஆகிய மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. நீங்கள் எடுத்த படத்திலிருந்து பச்சை தரும் துகள் சிவப்பு தருவதைவிடச் சிறியது என்று நீங்களே சொல்லிவிடலாம். நானோ என்ற சொல்லை எத்தனையோ விளம்பரங்களில் கேட்டிருப்போம். அதன் உண்மையான பொருளைக் கண்ணால் பார்ப்பது இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. சிவப்புப் பகுதியில் ஒரே மேடாக இல்லாமல் 631-ஐச் சுற்றி மிகக் குறுகிய சில கோடுகள் தெரிந்தால் அது குவாண்டம் புள்ளி அல்ல. மாங்கனீசு கலந்த ஃபுளோரைடு பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள். சில திரைகளில் அதுதான் சிவப்பு தருகிறது.

தங்க நானோதுகளை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் வேதியியல் ஆய்வகம் உள்ள கல்லூரியில் படிப்பவர்கள் செய்யலாம். தங்கக் குளோரைடு கரைசலைக் கொதிக்கவைத்துச் சோடியம் சிட்ரேட் சேர்த்தால் சில நிமிடங்களில் ஒயின் சிவப்பு வரும். 20 நானோமீட்டர் துகள் 520 வாக்கில் ஒளியை விழுங்கும். ஒரு சிட்டிகை உப்பு போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீலமாகிவிடும். ஃபாரடே 1857-லேயே இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். கர்ப்பம் உறுதிசெய்யும் அட்டையில் வரும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் இதே தங்கம்தான்.

கீரைச் சாறு: காணாமல் போகும் ஒளி, திரும்பி வரும் ஒளி

ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை நசுக்கி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவிடுங்கள். அடுப்பு எரியும் இடத்தில் வேண்டாம். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். பஞ்சு வைத்து வடிகட்டிய பச்சைத் தெளிவை, தட்டைப் பக்கம் உள்ள சிறு கண்ணாடி பாட்டிலில் ஊற்றுங்கள். வடிகட்டலில் சோம்பல் கூடாது. கலங்கலாக இருந்தால் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கும். கருவி அதையும் உட்கவர்தல் (ஒளியை விழுங்குதல்) என்றே காட்டும். ஆய்வு மாணவர்கள்கூட இந்த இடத்தில் ஏமாந்துபோவார்கள்.

இப்போது வரிசையாக வையுங்கள்: வெள்ளை எல்இடி விளக்கு, ஒரு டிரேசிங் பேப்பர், பாட்டில், பிளவு. முதலில் வெறும் ஸ்பிரிட் ஊற்றிய பாட்டில். அடுத்து கீரைச் சாறு. வெறும் ஸ்பிரிட்டை அளக்காமல் எடுத்த அளவுக்கு மதிப்பே இல்லை, ஏனென்றால் விளக்கு, கண்ணாடி, கேமரா எல்லாவற்றின் குணமும் அதில் கலந்திருக்கும். கேமராவில் எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ, ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிடுங்கள். முடிந்தால் ரா வடிவில் எடுங்கள். ஜேபெக் படத்தில் கைபேசி வெளிச்சத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும்.

சாற்றின் படத்தில் 660-க்கு அருகே சிவப்பில் ஒரு கறுப்புப் பட்டை விழும். நீலமும் பெருமளவு போயிருக்கும். நடுவில் பச்சை தப்பித்து நிற்கும். இலை ஏன் பச்சை என்பதற்கான விடை அந்தப் படத்திலேயே இருக்கிறது.

எண்ணாக வேண்டுமென்றால், வெறும் ஸ்பிரிட்டின் வெளிச்சத்தைச் சாற்றின் வெளிச்சத்தால் வகுத்து, 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுங்கள். 200-ஆக இருந்த வெளிச்சம் 20 ஆனால் உட்கவர்திறன் 1. 50 ஆனால் 0.6. சாற்றைப் பாதியாக நீர்த்தால் இந்த எண்ணும் பாதியாகும். ஆகாவிட்டால் சாறு அளவுக்கு மீறித் திக்காக இருக்கிறது. 0.3-க்கும் 1-க்கும் இடையில் வரும்படி நீர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து விளக்கை அணைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, 395 நானோமீட்டர் யூவி டார்ச்சைப் பாட்டிலின் பக்கவாட்டில் அடியுங்கள். டார்ச்சைக் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டாம். பச்சைச் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும்! முதல்முறை பார்ப்பவர் யாரும் இதை மறக்க மாட்டார்கள். கருவியில் பார்த்தால் 670-ஐ ஒட்டி ஒரு மேடு. உள்ளே போனது 3.14 எலக்ட்ரான் வோல்ட். வெளியே வந்தது 1.85 சுமார். மிச்சம் வெப்பமாகிவிட்டது.

இதே டார்ச்சை உயிருள்ள இலைமேல் அடித்தால் கண்ணுக்கு அநேகமாக எதுவும் தெரியாது. அங்கே பச்சையம் தான் விழுங்கிய ஆற்றலை ஒளிச்சேர்க்கைக்குக் கொடுத்துவிடுகிறது. ஒன்றிரண்டு சதவீதம்தான் ஒளியாகத் திரும்புகிறது. அந்தச் சொற்ப ஒளியைத்தான் இன்று செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்து அளந்து பயிரின் நலத்தைக் கணிக்கின்றன.

நிறம் மாறித் திரும்பும் ஒளியில் இன்னொரு வகையும் உண்டு. 1928-இல் கொல்கத்தாவில் இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியே திரவத்துக்குள் செலுத்தி, எதிரே வேறொரு வடிகட்டியை வைத்துக் கண்ணாலேயே பார்த்தது அது. மிகமிக மங்கலான ஒளி என்பதால் நம் பெட்டியில் சிக்காது. கிராபீனும் கார்பன் நானோகுழாயும் ஆராயும் ஆய்வகங்களில் இராமன் நிறமாலைமானி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது.

மஞ்சள்: ஒளி பட்டால் மாறும் பொருள்

வேட்டியில் பட்ட சாம்பார்க் கறை சோப்புக்குப் போகாமல், வெயிலில் காயப்போட்டால் போய்விடுவதை எல்லோரும் கண்டிருப்போம். அதற்குக் காரணமான, மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்குமினைத்தான் இப்போது அளக்கப்போகிறோம்.

கால் ஸ்பூன் மஞ்சள்தூளை ஸ்பிரிட்டில் கலக்கி, தெளிய வைத்து, வடிகட்டி, வெளிர்மஞ்சள் ஆகும்வரை நீர்த்துக்கொள்ளுங்கள். யூவி டார்ச் அடித்தால் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். குர்குமின் அதிகம் விழுங்குவது 425 வாக்கில். ஆனால் வெள்ளை எல்இடியில் அங்கே ஒளியே கிடையாது. ஆகவே 450-இல் அளவெடுங்கள். அங்கேயும் குர்குமின் நன்றாகவே விழுங்கும், விளக்கிலும் வெளிச்சம் நிறைய உண்டு.

ஒரே கரைசலை ஒரே மாதிரியான மூன்று பாட்டில்களில் ஊற்றி இறுக மூடுங்கள். ஒன்று அப்படியே. இன்னொன்றில் அலுமினியத் தாள் சுற்றுங்கள். மூன்றாவதில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மூன்றையும் ஒரே வெயிலில் ஒரே தட்டில் வையுங்கள். அலுமினியத் தாள் சுற்றியதும் சூடாகும், ஆனால் ஒளி படாது; ஆகவே வெளுப்பதற்குக் காரணம் வெயிலின் சூடா, ஒளியா என்று அது சொல்லிவிடும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, தாளைப் பிரித்து அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

முதல் பாட்டிலின் உட்கவர்திறன் எண் இறங்கிக்கொண்டே போகும். அந்த எண்ணின் இயல் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் ஏறக்குறைய நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்வுதான் சிதைவின் வேகம். மேகம் மறைத்த நேரத்தில் கோடு வளையும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவப்புத் தாள் பாட்டிலுக்குள்ளும் வெளிச்சம் நிறையவே போகிறது. ஆனால் குர்குமின் சிவப்பை விழுங்குவதில்லை; விழுங்காத ஒளி ஒரு மூலக்கூறை மாற்ற முடியாது. ஆகவே அந்த எண் அலுமினியத் தாள் பாட்டிலை ஒட்டியே நிற்க வேண்டும். அதுவும் இறங்கினால் தாளைக் கருவி முன் பிடித்து, நீலம் கசிகிறதா என்று பாருங்கள். நீலம் இல்லாமலும் எண் இறங்கினால், கேமராவுக்குத் தெரியாத யூவி உள்ளே போகிறதோ என்று சந்தேகித்து, இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி வெயிலில் வையுங்கள்.