ஆடித் தள்ளுபடியில் வாங்கி, ஆவணிக் கல்யாணத்தில் கொடுக்கும்போது

ஆடியில் கல்யாணம் கிடையாது, கடைகளில் தள்ளுபடி. ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டும். நெருங்கிய நண்பருக்கான பரிசை முன்கூட்டியே வாங்கி வைப்பது கெட்டிக்காரத்தனம்தான். பாதி விலையில் வாங்கியதால் மரியாதை குறையாது. சொதப்புவது வேறு இடங்களில்.

மிக்சி, கிரைண்டர் என்றால் பெரிய தவறு பில்லை மறைப்பது. கியாரண்டி பில் தேதியிலிருந்து ஓடும், கல்யாணத் தேதியிலிருந்து அல்ல. ஆடியில் வாங்கித் தையில் கொடுத்தால் ஆறு மாதம் உங்கள் அலமாரியிலேயே தீர்ந்திருக்கும். கடை முத்திரை இல்லாத வெற்று கியாரண்டி அட்டையோடு கொடுத்துவிட்டால், மோட்டார் நின்ற அன்று உங்களிடம் பில் கேட்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். கொடுத்த மறுவாரமே பில்லைப் படமெடுத்து, "கியாரண்டிக்கு வச்சுக்கோடா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். விலை தெரிந்தால் தெரியட்டும். ஆடித் தள்ளுபடி விளம்பரத்தை அவரும்தான் பார்த்திருப்பார்.

விலை ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டாதீர்கள். பாதி கிழிந்து, பிசின் நின்று, தூசி ஒட்டும். ஹேர் டிரையரை அரை நிமிடம் காட்டி ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். எவர்சில்வரிலும் கண்ணாடியிலும் மிஞ்சும் பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துடைக்கலாம். அட்டைப் பெட்டிக்கும் துணிக்கும் எண்ணெய் ஆகாது, கறை போகாது. நெயில் பாலிஷ் ரிமூவர் சில பிளாஸ்டிக்கை மங்க வைத்துவிடும்.

சேலையைக் கடையிலேயே முழுக்கப் பிரித்து, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். குவியலில் கிடந்த சேலையில் மடிப்போரம் வெளுத்திருக்கும், ஜரிகை இழை அறுந்திருக்கும், பிளவுஸ் துண்டே இல்லாமலும் போகும். தள்ளுபடிச் சரக்கை மாற்றித் தர மாட்டோம் என்று பில்லிலேயே அச்சடித்திருக்கும் கடைகள் அதிகம்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாக வந்த ஜோடியை ஒரே நண்பர் வட்டத்தில் இருவருக்குப் பிரித்துக் கொடுக்காதீர்கள். சாக்லேட், பேரீச்சை என்றால் காலாவதித் தேதியையும் பார்த்துவிடுங்கள். கழித்துக் கட்டும் சரக்கில் அது நெருங்கியிருக்கலாம்.

கடைசியாக மொய். உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர் 2,000 எழுதியிருந்தால், 2,500 விலை போட்ட குக்கரை 900க்கு வாங்கிக் கொடுத்துக் கணக்கு நேர் என்று இருக்க முடியாது. மொய் நோட்டில் பெட்டி மேல் போட்ட விலை ஏறாது. கவரில் 2,000 வைத்து எழுதுங்கள். குக்கர் தனியாக, பந்திக் கூட்டமெல்லாம் கலைந்தபிறகு வீட்டுக்கே போய்க் கொடுக்கலாம்.