வளவில் புதுமண் குவியலா? அகழானை இப்படி விரட்டுங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் பின்வளவில் மரவள்ளியும் இரண்டு வாழையும் நிற்கின்றன. மதிலோரம் காலையில் புதுமண் குவிந்திருந்தால் அது அகழான் வேலை, அதாவது பெருச்சாளி. வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் மோல் இலங்கையில் கிடையாது. அது மண்புழு தின்னும் பிராணி. அகழானுக்குக் கிழங்கும் குசினிக் கழிவும்தான் வேண்டும், ஆகவே மோலை விரட்ட அந்தக் குறிப்புகள் சொல்லும் வைத்தியத்தை இங்கே நம்பாதீர்கள்.

முதலில் எந்தப் பொந்தில் ஆள் இருக்கிறது என்று பாருங்கள். பின்னேரம் எல்லா வாயையும் மண்ணால் மூடுங்கள். விடியத் திறந்து கிடப்பதுதான் குடியிருக்கும் பொந்து. அதன் வாசலருகே பெரிய எலிக்கூட்டை வையுங்கள், சின்னக் கூடு போதாது. சுட்ட தேங்காய்ச் சொட்டோ கருவாடோ உள்ளே போட்டு, இரண்டு மூன்று இரவு கதவு விழாமல் கட்டி விடுங்கள். பயம் தெளிந்து தின்னப் பழகும். அப்புறம் பொறியைப் பூட்டுங்கள்.

நஞ்சு மட்டும் வேண்டாம். செத்த அகழானைத் தின்னும் பூனையும் ஆந்தையும் சேர்ந்து சாகும்.

அகழான் பிடிபட்ட பிறகு பொந்தைக் கல்லும் சீமெந்தும் போட்டு அடையுங்கள். குப்பைப் பையை இரவில் வெளியே வைக்காதீர்கள். இந்த வேலைக்குக் கையுறையும் சப்பாத்தும் கட்டாயம், ஏனென்றால் அதன் சிறுநீர் பட்ட ஈரமண்ணிலிருந்து எலிக்காய்ச்சல் தொற்றலாம். பிறகு காய்ச்சல் வந்தால் மண்ணில் வேலை செய்ததை டொக்டரிடம் சொல்லுங்கள்.