ஊரில் மாட்டுக்குக் காய்ச்சலா? ஊசிக்கு முன் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்
சிங்கப்பூரில் இருக்கும் நம்மில் பலருக்கு ஊரில் கறவை மாடு உண்டு. தீனி எடுக்கவில்லை என்று போன் வந்தால், வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். உடம்பில் உண்ணி இருக்கிறதா? கண்ணின் உள் இமை வெளிறியிருக்கிறதா? சிறுநீர் காப்பி நிறமென்றால் உண்ணி கடித்துப் பரவும் ரத்த நோயான பேபிசியாவாக இருக்கலாம். தோளுக்கு முன்னால் நிணநீர்க் கழலை வீங்கியிருந்தால், உண்ணியால் வரும் இன்னொரு நோயான தைலேரியா மேல் சந்தேகம். இதே வகையில் மூன்றாவது நோயான அனாபிளாஸ்மாவில் சிறுநீர் சிவக்காது, அதனால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கலப்பின ஜெர்சி என்றால் இன்னும் அவசரம்.

முக்கியமானது இதுதான்: மருந்து போடும் முன்பே மருத்துவர் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, கிருமியை எடுத்துக்காட்டும் ஜீம்சா சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்க்கட்டும். ஊசி போட்டபின் கிருமி கண்ணில் படாமல் போகலாம். தகட்டில் எதுவும் தெரியாமல் காய்ச்சல் மட்டும் நீடித்தால், ரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை பற்றிக் கேளுங்கள்.