தண்ணீர் ஓடும் ஆற்றங்கரையில் குதிப்பது: வேலூரிலிருந்து ஜப்பான் ஸ்கைடைவிங் கிளப்புக்கு

வேலூரைப் பற்றிய பழைய கிண்டலில் ‘தண்ணீர் இல்லாத ஆறு’ என்று ஒரு வரி வரும். பாலாற்றைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆற்றுப் படுகை என்றால் மணல், சீமைக் கருவேலம், மாட்டு வண்டித் தடம். அந்த எண்ணத்தோடு ஜப்பானில் விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கப் போகாதீர்கள். அங்கே சமவெளியை வீடும் வயலும் தொழிற்சாலையும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. சிறு விமானத் தளங்களுக்கு மிச்சம் கிடைத்த இடம் பல ஊர்களில் ஆற்றோரம்தான். டோக்கியோவுக்கு வடக்கே சைதாமாவின் ஒகெகாவாவில் உள்ள ஹோண்டா விமானத் தளம் அரகாவா ஆற்றின் வெள்ளத்தடுப்புக் கரைக்கு உள்ளே, படுகையிலேயே இருக்கிறது. தொச்சிகி பக்கம் ஃபுஜியோகாவில் குதித்தால் கீழே வதராசே வெள்ளத் தேக்கப் பகுதி: நாணல் காடும் நீரும். ஃப்ரீஃபால் (குடை திறக்கும்வரை விழுவது) எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். நீங்கள் தயாராக வேண்டியது கடைசி 600 மீட்டருக்கு.

முதலில் தகுதி. யுஎஸ்பிஏ (அமெரிக்கப் பாராசூட் சங்கம்) உரிமம் இருந்தால் பேச்சு சுலபம். ஏ-க்கு 25 குதிப்பு, பி-க்கு 50, சி-க்கு 200, டி-க்கு 500 என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். புதிதாக ஏ வாங்கியவர் நேராக ஜப்பானுக்குக் கிளம்புவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பி உரிமத்துக்குத் தண்ணீரில் இறங்கும் பயிற்சி கட்டாயம்; இந்த மாதிரி இடத்துக்கு அந்த ஒரு பயிற்சிக்காகவே காத்திருந்து போகலாம். இன்னொன்று: கம்மவான்பேட்டை போன்ற ராணுவக் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில் ஆக்ராவில் பாராசூட் பயிற்சி முடித்து ‘விங்ஸ்’ சின்னம் வாங்கிய பாரா வீரர்கள் இருப்பார்கள். ஸ்டாட்டிக் லைனில் (விமானத்தோடு கட்டிய பட்டையே குடையைத் திறந்துவிடும் முறை), வட்டக் குடையில் இறங்கிய அனுபவம் பெரியதுதான், ஆனால் சிவில் கிளப்பில் அது ஃப்ரீஃபால் உரிமத்துக்கு ஈடாகாது. அவர்கள் ஏஎஃப்எஃப் (பயிற்றுநர் உடன் குதித்துக் கற்றுத்தரும் ஃப்ரீஃபால் பயிற்சி) முடித்துத்தான் வர வேண்டும். ஆனால் கால் சேர்த்து உருண்டு விழும் பிஎல்எஃப் அவர்களுக்கு உடம்பிலேயே ஊறியிருக்கும். வயலில் இறங்க நேரும்போது அதன் அருமை தெரியும்.

கிளப்புக்கு மெயில் போடாமல் போய் நிற்காதீர்கள். பெரும்பாலான கிளப்புகள் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில்தான் பறக்கின்றன. லோடு (ஒரு தடவை விமானம் ஏற்றிச் செல்லும் ஆட்கள்) முன்கூட்டியே நிரம்பிவிடும். மூன்று, நான்கு வாரம் முன்பே எளிய ஆங்கிலத்தில், ஒரு வரிக்கு ஒரு விவரமாக எழுதுங்கள்: உரிம எண், மொத்தக் குதிப்பு, கடந்த 12 மாதத்தில் எத்தனை, கடைசியாகக் குதித்த தேதி, மெயின் கேனோபியின் (முதன்மைக் குடை) பெயரும் அளவும், ரிசர்வ் (அவசரக் குடை) மடித்த தேதி, ஏஏடி (ரிசர்வைத் தானே திறந்துவிடும் கருவி) மாடல், கருவியோடு சேர்த்த எடை. ‘எனக்கு நல்ல அனுபவம் உண்டு’ என்ற வாக்கியம் அங்கே எதையும் சொல்லாது. எண்தான் பேசும்.

விங் லோடிங்கையும் (கேனோபியின் ஒரு சதுர அடிக்கு எத்தனை பவுண்டு எடை) நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள். உடல் 75 கிலோ, கருவி 12 கிலோ, மொத்தம் 87 கிலோ, 2.2-ஆல் பெருக்கினால் சுமார் 191 பவுண்டு. 170 சதுர அடி கேனோபிக்கு 1.13, 190-க்கு 1.0. அங்கே வாடகை ரிக் (இரு குடைகளும் அடங்கிய முதுகுப் பை) எடுக்கும் வாய்ப்பு இருந்தால் வழக்கத்தைவிட ஒரு அளவு பெரியதைக் கேளுங்கள். அறியாத, குறுகலான களத்தில் கால் விநாடி கூடுதலாகக் கிடைப்பதற்கு அது மலிவான வழி. ரிசர்வ் மடிப்புக்கு எத்தனை நாள் கெடு என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 180 நாள். அங்கே எதை ஏற்பார்கள் என்று அதே மெயிலில் கேட்டு, பதிலை அச்சிட்டு மடிப்பு அட்டையோடு வையுங்கள்.

விமானத்தில் ரிக்

காட்பாடியிலிருந்து சென்னையும் சரி, பெங்களூரும் சரி, ரயிலில் ஒரு காலை வேலைதான். பெங்களூரிலிருந்து நரிட்டாவுக்கு நேரடி விமானம் உண்டு என்பதால் பலருக்கு அதுவே வசதி. எங்கிருந்து போனாலும் ரிக்கைக் கைப்பையாகவே எடுத்துச் செல்லுங்கள். ஏஏடி-யின் கட்டரில் (ரிசர்வின் கட்டுக்கயிற்றை வெட்டும் பகுதி) ஒரு சிறு வெடிமருந்துத் துளி இருப்பதால் ஸ்கேனரில் கேள்வி வரும். தயாரிப்பாளர் தரும் எக்ஸ்ரே படம் போட்ட அட்டையை ரிக்கின் பையிலேயே வையுங்கள். சிஐஎஸ்எஃப் காவலர் திறக்கச் சொன்னால் பதறாமல் அட்டையை நீட்டுங்கள். ரிசர்வை மட்டும் திறக்கக் கூடாது என்று நிதானமாகச் சொல்லுங்கள். நிறைய பேர் கோட்டை விடுவது ஹூக் கத்தியில் (சிக்கிய கயிற்றை அறுக்கும் சிறு கத்தி). அது ரிக்கின் கால் பட்டையிலேயே செருகியிருக்கும், ஞாபகம் வராது, பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். முந்தின இரவே கழற்றி செக்-இன் பெட்டியில் போடுங்கள். கேமராவின் உபரி பேட்டரி நேர் எதிர்: அது கையோடுதான் வர வேண்டும்.

ரிக் விலை உயர்ந்தது. கிளம்பும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டி, வரிசை எண்ணோடு ‘எக்ஸ்போர்ட் சர்ட்டிஃபிகேட்’ வாங்கிக்கொண்டால், திரும்பும்போது புதிதாக வாங்கி வந்ததா என்ற வாக்குவாதம் இருக்காது. இதற்கு ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள்.

பெட்டியில் போடக் கூடாதவையும் உண்டு. ஸூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள ஜலதோஷ மாத்திரை ஜப்பானுக்குள் தடை. கோடீன் உள்ள இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. மூக்கடைப்பு மாத்திரை பல ஸ்கைடைவர்களின் பையில் பழக்கமாகக் கிடப்பது, அதனால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். (மூக்கடைத்திருந்தால் குதிக்கவே கூடாது, அது வேறு.) வெளிநாட்டு வாக்கி-டாக்கி அங்கே அலைவரிசைச் சட்டத்தில் மாட்டிவிடும். ஆம்பூர் பிரியாணிப் பொட்டலமும் வேண்டாம்: சமைத்ததாக இருந்தாலும் இறைச்சிக்குத் தனிமைப்படுத்தல் துறையில் அனுமதி இல்லை. பயணக் காப்பீட்டில் ‘சாகச விளையாட்டு’ என்ற பொதுச் சொல்லை நம்பாதீர்கள். ஸ்கைடைவிங் என்ற சொல் பாலிசியில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இது தவிர, மூன்றாம் நபர் காப்பீட்டுக்கென்று கிளப்பில் தனியாகக் கட்டணம் கேட்கலாம். ரொக்கமாக யென் வைத்திருங்கள். டிப்ஸ் என்ற பழக்கம் அங்கே இல்லை.

எப்போது போவது

ஜூன் முதல் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை புயல் பயம். ஏப்ரல், மே, பிறகு அக்டோபர் கடைசியும் நவம்பரும் நல்ல மாதங்கள். ஏப்ரல் கடைசியில் தொடங்கும் தொடர் விடுமுறையில் மட்டும் கூட்டம் தாங்காது. குளிர்காலத்தில் டோக்கியோ பக்கம் வானம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், ஆனால் வடமேற்கிலிருந்து வறண்ட காற்று விடாமல் அடிக்கும். 1,000 அடிக்கு 2 டிகிரி என்று கணக்குப் போட்டால், தரையில் 5 டிகிரி இருக்கும் நாளில் 12,500 அடியில் மைனஸ் 20. அதில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுகிறீர்கள். நம் ஊர் மே மாத வெயிலைத் தாங்குகிற உடம்புக்கு இது புதுக் கணக்கு. விரல் மரத்துப்போனால் கட்-அவே கைப்பிடி (மெயினைக் கழற்றிவிடுவது) கையில் இருக்கிறதா என்பதே தெரியாது. கையுறை மெல்லியதாக, உள்ளங்கை வழுக்காததாக இருக்கட்டும். அதை மாட்டிக்கொண்டு தரையில் மெயின், கட்-அவே, ரிசர்வ் என மூன்று கைப்பிடிகளையும் பத்து தடவை பிடித்துப் பழகுங்கள்.

ஜப்பானிய வானிலை அறிக்கையில் காற்று விநாடிக்கு மீட்டரில் வரும். இரண்டால் பெருக்கினால் நாட், 3.6-ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர். திரையில் ‘7’ என்று பார்த்து ‘ஏழுதானே’ என்று நினைத்தால் அது 14 நாட், 25 கிலோமீட்டர். அங்கே புதியவர், 200 குதிப்புக்குக் குறைந்தவர் என்றால் 6-லேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கிளப் அனுமதித்தாலும் சரி.

மேல்காற்று வேறு விஷயம். குளிர்காலத்தில் அந்த நிலப்பரப்புக்கு மேலே ஜெட் காற்றோட்டம் பலமாக இருக்கும்; குதிக்கும் உயரத்திலேயே 40 நாட்டுக்கு மேல் வரும் நாள்கள் உண்டு. விமானம் 80 நாட் வேகத்தில் எதிர்காற்றில் போனால் தரைவேகம் 40 நாட், அதாவது விநாடிக்குச் சுமார் 20 மீட்டர். குழுக்களுக்கு நடுவே 300 மீட்டர் இடைவெளி வேண்டுமென்றால் 15 விநாடி காத்திருக்க வேண்டும். அமைதியான நாளில் அதே இடைவெளிக்கு ஏழரை விநாடி போதும். பழக்கத்தில் ஏழு எண்ணிவிட்டுக் குதித்தால் முன்னால் போனவரின் தலைக்கு மேலே கேனோபி திறப்பீர்கள். ஏறுவதற்கு முன் மேனிஃபெஸ்டில் (யார் எந்த லோடில் என்று பட்டியல் போடும் மேசை) ‘எத்தனை விநாடி?’ என்று கேளுங்கள். விரலால் காட்டினாலும் போதும்.

உயரத்தைச் சிலர் மீட்டரில் சொல்வார்கள். 3,800 மீட்டர் 12,500 அடி. 1,200 மீட்டர் 4,000 அடி. 900 மீட்டர் 3,000 அடி. ஆல்டிமீட்டர் (உயரமானி) ஒன்று அடியிலும் உயரத்தைக் காதில் ஒலிக்கும் கருவி ஒன்று மீட்டரிலும் இருந்தால் இரண்டையும் ஒரே அளவுக்கு மாற்றிய பிறகே ஏறுங்கள். ஏஏடி-யை விடுதி அறையில் ஆன் செய்ய வேண்டாம். களத்தில், தரை உயரத்தில் ஆன் செய்தால்தான் அதன் பூஜ்யம் சரியாக இருக்கும். மதியம் காரில் வெளியே போய்த் திரும்பினால் அணைத்து மறுபடி ஆன் செய்யுங்கள்.

இறங்குவது

இங்கேதான் ஊன்றிப் படிக்க வேண்டும். காலையில் போனதும் கிளப்காரரோடு வான்படத்தின் முன் நின்று, உங்கள் விரலால் வரிசையாகத் தொட்டுக் காட்டுங்கள்: களம், ஆறு, மின்கம்பி, கரை, வெளியே இறங்க நேர்ந்தால் எந்த மைதானம். அவர் காட்டி நீங்கள் தலையாட்டுவது போதாது. ஆற்றுப் படுகைகளில் பேஸ்பால் மைதானங்களும் கோல்ஃப் திடல்களும் வரிசையாக இருக்கும். காலியாக இருந்தால் நல்ல மாற்று இடம், ஞாயிறு காலையில் குழந்தைகள் நிறைந்திருக்கும்.

600 மீட்டரில் ஒரே கேள்வி: களத்தை எட்டுவேனா? சந்தேகம் என்றாலே மாற்று இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். 200 மீட்டர் வரை ஆசைப்பட்டு இழுத்துக்கொண்டு வந்து, கரைக்கும் கம்பிக்கும் நடுவே மாட்டிக்கொள்வதுதான் விபத்தின் வழக்கமான பாதை. இறங்குவதற்கான திருப்பங்களை 300, 180, 90 மீட்டர் உயரங்களில் பிடியுங்கள். கரையின் காற்று மறைவுப் பக்கம் இறங்காதீர்கள். தடுப்பின் உயரத்தைப் போல் பத்து முதல் இருபது மடங்கு தூரம் காற்று சுழலும். கரை 5 மீட்டர் என்றால் 50 முதல் 100 மீட்டர் வரை கேனோபி திடீரென்று தொய்யலாம். தொய்ந்தால் இரு டாகிளையும் (கேனோபியைத் திருப்பும் கைப்பிடி) சமமாக வைத்து, நேராகப் பறந்து, பிஎல்எஃப்-க்குக் காலைச் சேருங்கள்.

தண்ணீர் தவிர்க்க முடியாது என்று தெரிந்துவிட்டால் வரிசை இது. உயரம் இருக்கும்போதே ஆர்எஸ்எல்லைக் (மெயினைக் கழற்றினால் ரிசர்வைத் திறந்துவிடும் பட்டை) கழற்றுங்கள், மார்புப் பட்டையைத் தளர்த்துங்கள், ஹெல்மெட் கண்ணாடியைத் திறங்கள். காற்றை எதிர்நோக்குங்கள். நீர் மேல் உயரம் கண்ணை ஏமாற்றும்: கண்ணாடி போன்ற பரப்பில் உயரம் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியலாம். அதனால் பாதி ஃப்ளேரில் (டாகிள்களைப் பாதிவரை இழுத்து வேகம் குறைத்து) வந்து, நுரையீரல் நிறைய மூச்சை இழுத்துப் பிடித்து இறங்குங்கள். பாதம் நனையும்வரை கேனோபியையோ கால் பட்டையையோ கழற்றக் கூடாது. மேலிருந்தே கட்-அவே செய்து விழுந்தவர்கள் உயரத்தைத் தப்பாகக் கணித்தவர்கள். நனைந்த பிறகு, ஓடும் நீராக இருந்தால் உடனே கட்-அவே. இல்லாவிட்டால் நீரோட்டம் கேனோபியை நிரப்பி உங்களை இழுத்துக்கொண்டு போகும். பிறகு கால் பட்டைகள். துணி தலைமேல் மூடினால் ஒரு தையல் கோட்டைப் பிடித்துக்கொண்டு விளிம்புவரை நகருங்கள். கையால் துழாவினால் இன்னும் சுற்றிக்கொள்ளும்.

நெல் வயலில் இறங்கினால், மே மாதம் நாற்று நட்டிருக்கும், முழங்கால் சேறு. வந்த வழியிலேயே, அடி வைத்த இடத்திலேயே அடி வைத்து வரப்புக்கு வாருங்கள். கேனோபியை நாற்றின் மேல் இழுக்காமல் கையில் அள்ளிச் சுருட்டுங்கள். நம் ஊரில் இன்னொருத்தர் கழனியில் இறங்கினால் எப்படி நடந்துகொள்வோமோ அப்படித்தான். உரிமையாளர் வந்தால் குனிந்து ‘சுமிமாசென்’ என்று சொல்லுங்கள், கிளப்புக்கு உடனே தகவல் கொடுங்கள், மறைக்காதீர்கள். அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொண்டால்தான் அந்தக் கிளப் அங்கே நிலைக்கும்.

காதில் விழ வேண்டிய சொற்கள்

வினை கடைசியில் வரும் மொழி என்பதால் ஜப்பானிய வாக்கியத்தின் ஓட்டம் தமிழருக்கு அந்நியமாக இருக்காது. களத்துக்கு இவ்வளவு போதும்: அபுனாய் (ஆபத்து), மத்தே (நில்), மிகி (வலது), ஹிதாரி (இடது), காஸே (காற்று), தாய்க்கி (காத்திருப்பு), ச்சூஷி (ரத்து). கடைசிச் சொல்லை ‘சுஷி’ என்று கேட்டுச் சாப்பாட்டு அழைப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ‘தாய்ஜோபு’ மட்டும் வில்லங்கம்: ‘சரி’ என்றும் வரும், ‘வேண்டாம்’ என்றும் வரும். கருவிச் சோதனையில் அந்தச் சொல் விழுந்தால் கட்டைவிரலைக் காட்டி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ‘ச்சோத்தோ…’ என்று இழுத்து நிறுத்தினால் அது மறுப்பு. மேலும் வற்புறுத்தினால் அவர்களுக்குச் சங்கடம்.

மடிக்கும் விரிப்பில் ஏறுவதற்கு முன் காலணியைக் கழற்றுவது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பை கடலை மிட்டாய், தனித்தனியாகச் சுற்றியது, மேனிஃபெஸ்ட் மேசையில் வைத்தால் எல்லாரும் எடுப்பார்கள். ஆற்காடு மக்கன் பேடாவுக்கு ஆசைதான், பாகு கசிந்து ரிக்கில் பட்டால் எறும்பும் பிசுக்கும் உங்களுக்கு.

ஊர் திரும்பியதும் ரிக்கைப் பெட்டியிலேயே விட்டுவிடாதீர்கள். ஆற்று நீரோ சேறோ பட்டிருந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். ரிசர்வ் நனைந்திருந்தால் ரிகர்தான் (ரிசர்வ் மடிக்கத் தகுதி பெற்றவர்) திறந்து பார்க்க வேண்டும். கேனோபியை விசிறிக்கடியில், அறைக்குள் உலர்த்துங்கள். மொட்டை மாடிக் கொடியில் வேட்டி காயப்போடுவது போல் வேலூர் வெயிலில் போட்டால் புற ஊதாக் கதிர் நைலானின் வலுவைத் தின்றுவிடும், துணியைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.