பயொப்சி முடிவுக்காகக் காத்திருந்தபோது

மார்பிலிருந்த கட்டி புற்றுநோயா என்று அறிய ஊசியால் திசு எடுத்த (பயொப்சி) பின், முடிவு வரும்வரை வீட்டில் முடங்கிக் கிடப்பதே என்னை அதிகம் வாட்டியது. திசுவை ஃபோர்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமூட்டிய பின்னரே நோயியல் வைத்தியர் நுணுக்குக்காட்டியில் பார்ப்பார் என்று தாதி விளக்கியதும், தாமதம் கெட்ட செய்திக்கு அடையாளமன்று என்பது புரிந்து, பாதிக் கலக்கம் தீர்ந்தது.

காயம் ஆறும்வரை பாரம் தூக்க வேண்டாம், நடக்கத் தடையில்லை என்று வைத்தியர் கூறியதால், மாலைதோறும் கொழும்பு வெள்ளவத்தையின் கடலோர வீதியான மரைன் டிரைவில் மச்சாளுடன் நடந்தேன். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கத்தை உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்குப் பரிந்துரைக்கிறது. கதைக்க முடியும், பாட முடியாது என்னும் வேகமே அதற்கு அளவு. (மச்சாள் ஓயாமல் கதைப்பவர், ரயில் இரைந்து கடக்கும்போது மட்டும் நிறுத்துவார்.)

உறவினர் எல்லோருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆளுக்கொரு கைவைத்தியம் வந்து சேரும். முன்பு மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் மனம் திறந்தேன். வைத்தியரிடம் கேட்க வேண்டியவற்றை அவர் ஒரு கொப்பியில் எழுதித் தந்தார். நித்திரை வராத ஓர் இரவில் இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் உதவித் தொலைபேசி இலக்கத்தை அழைத்து, தமிழிலேயே பேசினேன். முடிவு பெறும் நாளில் மச்சாளும் உள்ளே வந்து, வைத்தியரின் பதில்களை அதே கொப்பியில் குறித்துக்கொண்டார்.