காதும் பேச்சும் மங்கும்போது: மூளைக்கட்டியைப் பெற்றோர் எப்போது நினைக்க வேண்டும்?

காது சரியாகக் கேட்காத, பேச்சு தாமதமாகும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு மூளையில் கட்டி இருப்பதில்லை; நடுக்காதில் நீர் கோத்திருப்பதோ, பிறவிக் குறையோ, வளர்ச்சித் தாமதமோதான் காரணம். சந்தேகத்துக்கு இடம் தருவது, இருந்த திறன் குறைந்துகொண்டே போவதுதான். தொடக்கத்திலிருந்தே மெதுவாகப் பேச்சு வளரும் குழந்தையை விட, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்து பிறகு குழறத் தொடங்கும், தெரிந்த சொற்களை இழக்கும் குழந்தையை விரைவில் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒரு காது மட்டும் மந்தமாவதைக் குழந்தைகள் தாமாகச் சொல்வது அரிது. கைப்பேசியை எப்போதும் ஒரே காதில் வைப்பது, கூப்பிட்ட திசையை விட்டு வேறு பக்கம் திரும்புவது போன்றவற்றைக் கவனியுங்கள். இவற்றுடன் காலையில் எழுந்ததும் தலைவலி அல்லது வாந்தி, நடையில் தள்ளாட்டம், புதிதாக மாறுகண், முகம் ஒருபுறம் கோணுதல், விழுங்கும்போது அடிக்கடி புரையேறுதல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. சிறுமூளையிலும் மூளைத்தண்டிலும் வளரும் கட்டிகள் அருகிலுள்ள நரம்புகளை அழுத்துவதால் இவை ஒன்றாகத் தோன்றக்கூடும்.

மருத்துவரிடம் செல்லும்போது, எது எப்போது தொடங்கியது என்று தேதியுடன் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதங்களுக்கு முன் பிறந்தநாள் விழாவில் எடுத்த காணொளியையும் இன்றைய பேச்சையும் அடுத்தடுத்துக் காட்டுவது, பெற்றோரின் நீண்ட விவரிப்பை விடப் பெரும்பாலும் பயன்படும்.

செவித்திறன் சோதனைகளில் ஒன்று மட்டும் போதாது. ஓ.ஏ.இ. சோதனை உட்காதையும், பெரா சோதனை செவிநரம்பிலிருந்து மூளைத்தண்டு வரையிலான பாதையையும் ஆராய்கின்றன. முன்னது சரியாகவும் பின்னது பிழையாகவும் வந்தால் கோளாறு பெரும்பாலும் உட்காதுக்கு அப்பால் இருக்கிறது எனலாம். கட்டியில்லாத நரம்புக் கோளாறும் இதே முடிவைத் தரும் என்பதால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். சி.டி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் தீர்ந்தது என எண்ண வேண்டாம். மண்டை எலும்புக்கு நெருக்கமான சிறு கட்டிகள் அதில் தவறிவிடலாம். சிறு குழந்தைகளுக்குப் படம் எடுக்கையில் மயக்க மருந்து தேவைப்படலாம். அப்போது எவ்வளவு நேரம் உணவின்றி இருக்க வேண்டும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெற்றோரில் ஒருவருக்கு என்.எஃப்.2 என்னும் மரபுநோய் இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. இரு செவிநரம்புகளிலும் கட்டி வளர்வது இதன் அடையாளம் என்பதால், இக்குடும்பங்களில் அறிகுறிக்காகக் காத்திராமல் கண்காணிப்பைத் தொடங்க வேண்டும்.

குழந்தை எழுப்ப முடியாத அளவுக்கு அயர்ந்தாலோ, வலிப்பு வந்தாலோ, வாந்தி ஓயாவிட்டாலோ புறநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்காமல், உடனே 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.