போர்டோல ரெண்டு மூணு நாள்: எப்ப சாப்பிடணும், எப்ப குடிக்கணும்

யூரோப்ல வைன் ட்ரிப்னு சொன்னாலே எல்லாரும் பாரிஸ் இல்லன்னா இத்தாலினு கிளம்பிடறாங்க, போர்ச்சுகல்ல போர்டோனு ஒரு ஊர் இருக்கறது பல பேருக்கு ஞாபகமே வர்றதில்ல. வீக்கெண்டோட ஒரு நாள் லீவு சேத்து போட்டா தாராளமா போதும், பழைய ஊரு, நடந்தே சுத்திடலாம். ஆனா இங்க எங்க போறோம்ங்கறத விட எப்ப போறோம்ங்கறது தான் மேட்டர். ஏன்னா சாப்பாடும் ஹெவி, வைனும் ஹெவி. சாதா வைன்ல ஆல்கஹால் 12, 13 பெர்சன்ட் இருக்கும்னா இந்த ஊரு பேர்ல வர்ற போர்ட் வைன்ல 20 பக்கம் இருக்கும், இனிப்பா இருக்கறதால ஏறுறதே தெரியாது, எழுந்து நிக்கும்போது தான் தெரியும்.

ஏர்போர்ட்ல இருந்து மெட்ரோ இருக்கு, டாக்ஸி தேவையில்ல. அந்தாந்தேனு ஒரு கார்டு வாங்கி ரீசார்ஜ் பண்ணிட்டு ஏறினா அரை மணி நேரத்துல திரிந்தாதே ஸ்டேஷன். ரூம் திரிந்தாதே, பொல்யாவ், சாவ் பெந்து இந்த ஏரியாக்குள்ள போடுங்க. ஆத்தங்கரை ரிபேரா ஃபோட்டோல சூப்பரா இருக்கும், தங்கறதுக்கு வேணாம், ராத்திரி சத்தம், அதோட பெட்டிய இழுத்துக்கிட்டு அந்த கல்லு பாவின மேட்டுல ஏறி பாத்தா தெரியும் கஷ்டம். ஹீல்ஸ் எல்லாம் வீட்லயே வச்சிட்டு வாங்க.

வந்த அன்னிக்கு சாயங்காலம் லைட்டா முடிச்சிடுங்க. ஒரு பிஃபானா (மசாலா சாறுல ஊறின பன்னிக்கறி சாண்ட்விச்), ஒரு சின்ன கிளாஸ் டிராஃப்ட் பீர், அவ்ளோ தான். பீருக்கு இங்க ஃபீனுனு கேக்கணும், லிஸ்பன்ல வேற பேரு. இன்னொண்ணு, ரெஸ்டாரன்ட்ல உக்காந்ததும் நீங்க கேக்காமயே பிரெட், ஆலிவ், சீஸ் எல்லாம் கொண்டு வந்து வைப்பாங்க, அது ஃப்ரீ இல்ல, தொட்டா பில்லுல வரும், வேணாம்னா எடுத்துட்டு போக சொல்லுங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. மெனுல மேயா தோஸ்னு போட்டிருந்தா அது அரை பிளேட், பல இடத்துல அந்த அரையே ஒரு ஆளுக்கு வயிறு முட்டிடும். ஞாயிறு, திங்கள்ல நிறைய கடை லீவு, அதனால முன்னாடியே பாத்துக்கோங்க.

மறுநாள் காலைல பொல்யாவ் மார்க்கெட். 1914ல கட்டின பில்டிங், ரொம்ப வருஷம் ரிப்பேர்ல கிடந்து 2022ல திரும்ப திறந்தாங்க. இப்ப கொஞ்சம் டூரிஸ்ட் வாடை அடிக்குது, இருந்தாலும் மீன் கடைப் பக்கம் ஒரு ரவுண்டு போங்க. அப்படியே சாவ் பெந்து ஸ்டேஷன், சுவர் முழுக்க நீல டைல்ஸ், சுமார் 20,000 டைல் இருக்கும். பாத்துட்டு மதியம் பக்கல்யாவ் சாப்பிடுங்க, அதாவது உப்பு போட்டு காய வச்ச காட் மீன், நம்ம கருவாடு மாதிரி வாடை எல்லாம் வராது, தண்ணில ஊறப்போட்டு உப்ப எடுத்துடுவாங்க. கோமெஸ் தெ சா ஸ்டைல்னு ஒண்ணு இந்த ஊருலயே பொறந்தது, உருளைக்கிழங்கு, வெங்காயம், வேக வச்ச முட்டை, ஆலிவ் எல்லாம் போட்டு அவன்ல வச்சு எடுப்பாங்க. வயித்துக்கு பாரம் இல்லாம இருக்கும், அதுக்கு தான் இத இன்னிக்கு வச்சேன்.

ஏன்னா மூணு மணிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம் போகணும். 1886ல திறந்த டோம் லூயிஸ் இரும்புப் பாலம், மேல் தட்டுல மெட்ரோவும் போகும் நாமளும் நடக்கலாம், தாண்டினா விலா நோவா டி காயா. சாண்ட்மேன், டெய்லர்ஸ், கிரஹாம்ஸ், ஃபெரேரானு போர்ட் கம்பெனி குடோன் எல்லாம் இங்க தான் வரிசையா இருக்கு. திராட்சை விளையறது ஆத்து மேல் பக்கம் டோரு பள்ளத்தாக்குல, அங்க வெயில் கொளுத்தும், காயா கடல் பக்கத்துல இருக்கறதால குளுமையா இருக்கும், அதனால தான் வைன இங்க கொண்டு வந்து வச்சு பழுக்க விட்டாங்க. 1986 வரைக்கும் ஏற்றுமதி ஆகற போர்ட் காயால இருந்து தான் போகணும்னு சட்டமே இருந்துது.

ஒரு நாளைக்கு ஒரு குடோன் டூர், அவ்ளோ தான். மூணு டூர் சேத்து புக் பண்றவங்கள பாத்திருக்கேன், ரெண்டாவதுலயே நாக்கு மரத்துடும், மூணாவது வெறும் காசு. உள்ள போனா இருட்டு, கருத்துப் போன பீப்பாய் அடுக்கடுக்கா, மரமும் உலர்ந்த பழமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. வைன் பாதி நொதிக்கும்போதே 77 பெர்சன்ட் திராட்சை ஸ்பிரிட்ட ஊத்தி ஈஸ்ட்ட நிறுத்திடறாங்க, அதனால தான் சர்க்கரை மிச்சம் நிக்குது, போதையும் கூடுது.

டேஸ்டிங்ல மெனுவ பாத்து குழம்ப வேண்டாம். ரூபி சிவப்பா, பழச்சுவையா இருக்கும், விலையும் கம்மி. டானி மரப் பீப்பாய்ல பல வருஷம் கிடந்து பிரவுன் கலருக்கு வந்திருக்கும், பாதாம், கேரமல், அத்திப்பழம்னு ஒண்ணு ஒண்ணா வரும். காசு போடறதா இருந்தா 20 வருஷ டானில போடுங்க, 10 வருஷத்தையும் அதையும் பக்கத்துல பக்கத்துல வச்சு குடிச்சா அந்த விலை ஏன்னு புரியும், 40 எல்லாம் என் அபிப்பிராயத்துல பேருக்கு குடுக்கற காசு. முதல்ல ஒயிட், அப்புறம் ரூபி, கடைசில டானினு போங்க. நடுவுல தண்ணி குடிங்க. வெயில் காலமா இருந்தா வெளிய வந்து ஒயிட் போர்ட்ல டானிக் வாட்டர், ஐஸ் போட்டு ஒண்ணு, பாலத்த பாத்துக்கிட்டு.

ஃபிரான்செசின்யா சாப்பிடாம வந்தா போர்டோ போனேன்னு சொல்லிக்க முடியாது, ஆனா அத டேஸ்டிங் அன்னிக்கு வைக்காதீங்க. பிரெட்டுக்குள்ள ஹாம், சாசேஜ், மாட்டுக்கறி ஸ்டேக், மேல சீஸ் போட்டு உருக வச்சு, அதுக்கும் மேல பீரும் தக்காளியும் போட்டு காய்ச்சின சாஸ கொதிக்க கொதிக்க ஊத்துவாங்க, சுத்தி சிப்ஸ், உச்சில ஒரு ஹாஃப் பாயில். சாஸ்ல காரம் இருக்கும், ஒவ்வொரு கடையும் ரெசிபிய ரகசியம்னு சொல்லும். பீரோட தான் சாப்பிடணும், ரெண்டு பேர் ஒண்ண ஷேர் பண்ணுங்க. வெஜ்ல கூட இப்ப சில கடைல கிடைக்குது. வெஜ் ஆளுங்க கால்து வெர்தே கீரை சூப் கேட்டா சொரீசு (பன்னிக்கறி சாசேஜ்) துண்டு மிதக்கும், முன்னாடியே சொல்லிடுங்க.

மூணாவது நாளுக்கு ரெண்டு ஆப்ஷன், ரெண்டும் ஒரே நாள்ல முடியாது. ஒண்ணு மெட்ரோல மத்தோசின்யோஸ், ரோட்டோரத்துல கரி அடுப்பு போட்டு மீன் சுடுற ஏரியா, ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மத்தி மீன் கொழுப்போட இருக்கும், கல்லு உப்பு மட்டும் போட்டு சுட்டு தருவாங்க, கூட சில்லுனு வின்யோ வெர்தே (இந்தப் பக்கத்து லைட்டான வைன்). இன்னொண்ணு ட்ரெயின்ல டோரு பள்ளத்தாக்குல இருக்கற பின்யாவ், ரெண்டரை மணி நேரம், போகும்போது வலது பக்க ஜன்னல புடிங்க, ஆறு அந்தப் பக்கம் தான். வேடிக்கை பாக்க பின்யாவ், சாப்பிட மத்தோசின்யோஸ். எனக்கு மத்தோசின்யோஸ் தான்.

பாட்டில் வாங்கறதா இருந்தா டானி வாங்குங்க, திறந்து ஃப்ரிட்ஜ்ல வச்சா வாரக்கணக்குல தாங்கும், வின்டேஜ் போர்ட்னா (ஒரே வருஷத்து திராட்சைல செஞ்சது) திறந்த ஒண்ணு ரெண்டு நாள்ல குடிச்சு முடிக்கணும். ஹேண்ட் லக்கேஜ் மட்டும் கொண்டு போறவங்க செக்யூரிட்டி தாண்டி ஏர்போர்ட் கடைல வாங்கிக்கோங்க, இந்தியாவுக்குள்ள டியூட்டி இல்லாம ஆளுக்கு 2 லிட்டர் வரைக்கும் தான்.